பனிமலையில் இருவர்

பனிச்சறுக்கு நம் காவிரிக்கரைக்கு உரிய விளையாட்டு அன்று. மண்ணச்சநல்லூரில் வெண்மையாகக் குவிந்து கிடப்பது அரிசியேயன்றிப் பனியன்று. மார்கழி விடியலில் இறங்கும் மூடுபனி கோலமிடும் பெண்களின் முந்தானையைச் சற்றே நனைப்பதோடு சரி. அப்படியிருக்க, அரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பனிமலைகளின் வரலாற்றைப் பேச முற்படுவானேன் என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் உண்டு. நம் வட்டாரத்து இளந்தம்பதியர் பலர் இந்நாளில் குளிர்கால விடுமுறைக்குக் காஷ்மீரத்துக்கும் இமயச் சாரலுக்கும் போய்வருகிறார்கள். அவர்களுள் ஒருவருக்குக் காலிலே கட்டை பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கிச் செல்ல ஆசை. மற்றவருக்கோ அச்சம், அல்லது முழங்கால் வலி, அல்லது அதிலே விருப்பமே இல்லை. இருவரும் ஒன்றாகப் போய், இருவரும் மகிழ்ந்து திரும்புவது எவ்வாறு?

இதனைச் சிறு கேள்வி என்று நான் கருதவில்லை. ஒரு குடும்பம் ஈராண்டு மிச்சம்பிடித்த பணத்தைக் கொண்டு செல்லும் பயணம் அது. அப்பயணத்தில் ஒருவர் நாள் முழுதும் மலையில் களித்திருக்க, மற்றவர் விடுதி அறையில் கணப்பின் அருகே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாரானால், அதைச் சேர்ந்து சென்ற பயணம் என்று சொல்ல இயலுமா? ஒருவர் சென்றார்; மற்றவர் துணைக்குச் சென்றார் என்றுதானே சொல்ல வேண்டும்? பெரும்பாலும் அவ்வாறு துணைக்குச் செல்பவர் வாய்திறந்து குறை சொல்வதில்லை. குறை சொல்லாமையையே மகிழ்ச்சி என்று மற்றவர் எண்ணிவிடுகிறார். இடர்ப்பாடு அங்கேதான் இருக்கிறது.

இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை வியப்பானது. உலகப் புகழ்பெற்ற பனிமலை ஊர்கள் பல, சறுக்குவோருக்காகத் தோன்றியவை அல்ல, சறுக்காதவர்களுக்காகவே தோன்றியவை. சறுக்குவோர் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். இதனைச் சான்றுகளுடன் காண்போம்.

காலிலே நீண்ட மரப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு பனியின்மேல் செல்லும் வழக்கம் நார்வே முதலிய வடநாடுகளில் மிகப் பழமையானது. அங்கே அது விளையாட்டாகத் தொடங்கவில்லை. வேட்டைக்குப் போகவும், அடுத்த ஊருக்குப் போகவும் உதவிய போக்குவரத்துச் சாதனம் அது. நம் நாட்டில் பரிசலும் மாட்டுவண்டியும் எப்படியோ அப்படி. நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோன்ட்ரே நோர்ஹைம் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் குதிகாலைப் பற்றிக்கொள்ளும் கட்டுகளை அமைத்துக் கட்டையைக் காலின் விருப்பப்படி திருப்ப வழிசெய்தார். பிரிட்ஜாப் நான்சென் 1888இல் ஐந்து துணைவருடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கட்டைகளின்மேல் குறுக்கே கடந்தார். அவர் அதனைப் பற்றி எழுதிய நூலைப் படித்த பின்னரே மத்திய ஐரோப்பாவில் இந்த ஆர்வம் பரவலாயிற்று.

ஆனால் அதற்கு முன்பே ஆல்ப்ஸ் மலையின் குளிர்கால ஊர்கள் பிறந்துவிட்டன. ஸ்விட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் என்னும் ஊர் உண்டு. அங்கே கோடையில் மட்டுமே விருந்தினர் வந்து தங்குவர். 1864ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், விடுதி நடத்திய யோஹன்னெஸ் பத்ருட் தம் ஆங்கில விருந்தினரிடம் ஒரு பந்தயம் கூறினார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. “குளிர்காலத்திலும் இங்கே இனிய வெயில் உண்டு, வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் வழிச்செலவு என்னுடையது” என்ற பொருளில் அவர் அழைத்தாராம். வந்தவர்கள் வேனில் தொடங்கும்வரை தங்கி, வெயிலில் நிறம் மாறிய முகத்தோடு ஊர் திரும்பினராம். அவர்கள் அங்கே செய்தவை யாவை? வெயில் காய்ந்தார்கள், நடந்தார்கள், உறைந்த ஏரியில் சறுக்காடினார்கள், பிற்காலத்தார் கைவண்டி போன்ற சிறு சறுக்குவண்டிகளில் அமர்ந்து சரிவில் இறங்கினார்கள். மலைச்சரிவில் கட்டைகளைப் பூட்டிச் சறுக்கும் விளையாட்டு அவ்வூரில் வேரூன்றியது பல ஆண்டுகள் கழித்தே.

டாவோஸ் என்னும் ஊரின் கதை இன்னும் உருக்கமானது. அந்நாளில் காசநோய்க்கு மருந்தில்லை. மலைக்காற்றும் குளிர்கால வெயிலும் நோயைத் தணிக்கும் என்று அலெக்சாண்டர் ஸ்பெங்லர் என்னும் மருத்துவர் நம்பினார். 1865இல் முதல் குளிர்கால நோயாளிகள் அங்கு வந்தனர். ஊர் வளர்ந்தது, விடுதிகள் எழுந்தன, நோயாளியுடன் வந்த உறவினருக்குப் பொழுதுபோக்குகளும் அமைந்தன. ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் மனைவியோடும் அவருடைய மகனோடும் இரு குளிர்காலங்களை அங்கே கழித்து, அந்நாவலை அங்கேயே முடித்தார்.

இங்கே நம் கேள்விக்கு நேரே பொருந்தும் ஒரு தம்பதியரைக் காண்கிறோம். ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவருடைய துணைவியார் லூயிசா அம்மையாருக்குக் காசநோய் கண்டிருப்பது 1893இல் தெரியவந்தது. அவர் சில மாதங்களே வாழ்வார் என்று மருத்துவர்கள் அஞ்சினர். டாயில் அவரை அழைத்துக்கொண்டு டாவோஸுக்குச் சென்றார். ஆக, அப்பயணம் யாருக்காகத் திட்டமிடப்பட்டது? சறுக்க இயலாதவருக்காக.

போன இடத்தில் டாயில் சும்மா இருக்கவில்லை. அவ்வூரைச் சேர்ந்த பிராங்கர் சகோதரர்கள் நார்வேயிலிருந்து கட்டைகளைத் தருவித்துப் பழகிவந்தார்கள். அவர்களிடம் அவரும் பழகினார், பலமுறை விழுந்தார். 1894ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், அச்சகோதரர் இருவருடன் மாயன்பெல்டர் பூர்கா என்னும் கணவாயைக் கடந்து அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள அரோசா என்ற ஊரை அடைந்தார். வழியில் ஒரு செங்குத்தான சரிவில் கட்டைகளைக் கழற்றி ஒன்றாகக் கட்டி அதன்மேல் அமர்ந்து இறங்க முற்பட, கட்டைகள் அவரை விட்டுப் பாய்ந்தோட, மீதி வழியைக் கால்சட்டையின் பின்புறத்தாலேயே இறங்கி முடித்தாராம். அந்தத் துணி தேயவே தேயாது என்று தம் தையற்காரர் சொன்னதை அன்று சோதித்துப் பார்த்துவிட்டதாக அவரே நகைச்சுவையுடன் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரையில், இவ்விளையாட்டுக்காகவே நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர் ஸ்விட்சர்லாந்துக்கு வரும் காலம் பிறக்கும் என்றும் கூறினார். அவர் சொன்னது பலித்தது. லூயிசா அம்மையாரும் அஞ்சியவண்ணம் சில மாதங்களில் மறையவில்லை, 1906வரை வாழ்ந்தார்.

நான் இங்கே ஓர் எழுத்தாளரின் இல்வாழ்வை எடைபோட வரவில்லை. ஒன்றை மட்டும் சுட்ட விரும்புகிறேன். ஊரைத் தேர்ந்தெடுத்தது நோயுற்ற மனைவியின் தேவை. அவ்வூரில் அவருக்கு வெயிலும் மருத்துவரும் வாய்த்தன. அது நிறைவேறிய பின் எஞ்சிய பொழுதில் கணவரின் விளையாட்டு இடம்பெற்றது. வரிசை அதுதான். இன்று பலரும் அவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். சறுக்குச்சரிவு எங்கே நன்றாக இருக்கிறது என்று முதலில் பார்த்து, பயணச்சீட்டும் வாங்கிவிட்டு, “அங்கே நீ என்ன செய்வாய்?” என்று இறுதியில் கேட்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டு இதற்கு மேலும் சான்று தருகிறது. ஸ்விட்சர்லாந்தின் யுங்பிரவ் மலைத்தோளுக்கு 1896இல் இருப்புப்பாதை வெட்டத் தொடங்கி 1912இல் முடித்தார்கள். 3,454 மீட்டர் உயரத்துப் பனிவெளியை மலையேறத் தெரியாதவரும் அமர்ந்தவாறே சென்று காண அது வழிசெய்தது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து மலைகளிடையே யூனியன் பசிபிக் இரயில்வேயின் தலைவர் அவெரல் ஹாரிமன் 1936இல் ஸன் வாலி என்னும் பனிவிளையாட்டு ஊரை அமைத்தார். விளம்பரப் பொறுப்பை ஏற்றவர் ஸ்டீவ் ஹனகன். மயாமி கடற்கரையைப் புகழ்பெறச் செய்தவர். குளிரை விரும்பாத அவர், விருந்தினருக்குக் கண்ணாடிச்சுவர் சூழ்ந்த வெந்நீர்க் குளமும் பிற வசதிகளும் வேண்டும் என்று வற்புறுத்தினார். மலையேற நாற்காலி வரிசையைக் கம்பிவடத்தில் தொங்கவிடும் ஏற்பாடும் அங்கேதான் முதன்முதல் வந்தது. கப்பலில் வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டி ஏற்றும் பொறியைக் கண்டே அதனை ஜேம்ஸ் கர்ரன் என்னும் பொறியாளர் வகுத்தார். வாழைத்தார் ஏற்றும் வித்தை மனிதரைப் பனிமலை ஏற்றியதைக் கேட்டால், காவிரிக்கரை வாழை விவசாயிகள் புன்னகை புரிவார்கள்.

நிற்க. இத்தனையும் அயல்நாட்டுச் செய்தி என்று நினைக்க வேண்டா. ஏறுவோரையும் ஏறாதோரையும் ஒருங்கே வரவேற்கும் கலையை நம் முன்னோரும் அறிந்திருந்தார்கள். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையை நோக்குங்கள். 83 மீட்டர் உயரமுள்ள அப்பாறையின் அடியிலே மாணிக்க விநாயகர், நடுவிலே தாயுமானவர், உச்சியிலே உச்சிப்பிள்ளையார். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயிலும் மேற்பகுதியில் உண்டு. மூட்டுவலியுள்ள பாட்டி அடியிலேயே வணங்கலாம். நடுத்தர வயதினர் தாயுமானவர் சந்நிதிவரை செல்லலாம். இளைஞர் உச்சிவரை ஓடலாம். எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஏறாதவருக்கும் இறைவன் உண்டு என்பதே அம்மலையின் அமைப்பு. பழனியில் 1966இல் இழுவை இரயிலும் 2004இல் ரோப் காரும் வந்தது அதே கருத்தின் நீட்சியேயாகும்.

இனி, நம் நாட்டுப் பனிமலைகளில் இரண்டைக் காண்போம்.

முதலாவது குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். மலர்வெளி என்பது அப்பெயரின் பொருள். 16ஆம் நூற்றாண்டில் யூசுப் ஷா சக் என்னும் காஷ்மீர மன்னர் இட்ட பெயர் என்பர். மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் இங்கே 21 வகை மலர்களைத் திரட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் இது சமவெளி வெயிலுக்குத் தப்பி வருவோரின் கோடைவாசம். கோல்ப் ஆடுவோரின் புல்வெளி. பனிச்சறுக்குக் கழகம் இங்கே தோன்றியது 1927இல். இங்கும் மலரைக் காணவந்தவர் முன்னே, சறுக்கவந்தவர் பின்னே!

இன்றைய குல்மார்க்கில் கம்பிவட ஊர்தி இரு கட்டங்களாக இயங்குகிறது. 1998இல் திறக்கப்பட்ட முதற்கட்டம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலுள்ள கொங்டூரிவரை செல்கிறது. 2005இல் வந்த இரண்டாம் கட்டம் 4,000 மீட்டரை நெருங்கும் அபர்வத் சரிவுவரை செல்கிறது. தேர்ந்த சறுக்குவீரர்கள் மேற்கட்டத்திலிருந்து இறங்குவர். புதிதாகக் கற்போருக்கு ஊரை ஒட்டிய சமன்சரிவுகளே போதும். சறுக்காதவர் கொங்டூரிவரை ஊர்தியில் சென்று, பனிமுடிகளைக் கண்டு, சூடான தேநீரோ காஷ்மீரக் கஹ்வாவோ அருந்தி, மேலிருந்து இறங்கிவரும் துணைவரை அங்கே எதிர்கொள்ளலாம். நம் மலைக்கோட்டையில் தாயுமானவர் சந்நிதி எந்த நிலையோ, குல்மார்க்கில் கொங்டூரி அந்த நிலை என்று கொள்ளுங்கள்.

அவருக்கு வேறு காட்சிகளும் உண்டு. குல்மார்க்குக்குப் போகும் மலைப்பாதையை ஒட்டி 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபா ரேஷியின் தர்கா இருக்கிறது. ஸ்ரீநகரில் தால் ஏரி, சங்கராசாரியார் குன்று, வாதுமை மரச்செதுக்கல் செய்வோரின் பட்டறைகள் உள்ளன. தெற்கே, அவந்திவர்மன் 9ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அவந்திபுரக் கோயில்களின் இடிபாடுகளும், லலிதாதித்தன் 8ஆம் நூற்றாண்டில் கட்டிய மார்த்தாண்ட சூரியன் கோயிலின் சிதைவும் உள்ளன. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு இரயிலும் ஓடுகிறது. ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலத்தைக் கடக்கும் அப்பயணமே ஒரு காட்சியாகும்.

இரண்டாவது, உத்தரகண்ட் மாநிலத்து ஔலி. 2011 சனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்த இடங்களுள் ஒன்று. நந்தாதேவிச் சிகரத்தை அங்கிருந்து காணலாம். அதன் அடிவாரத்து ஊர் ஜோதிர்மடம் என்னும் ஜோஷிமடம். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி அதுவே என்று வைணவப் பெரியோர் கொள்வர். குளிர்காலத்தில் பதரியின் கதவுகள் அடைபட்ட பின், அவ்வழிபாட்டின் தொடர்ச்சி ஜோஷிமடத்து நரசிம்மர் கோயிலிலும் அருகிலுள்ள பாண்டுகேசுவரத்திலும் நடைபெறுகிறது. திருவெள்ளறையும் திருவரங்கமும் சேவித்து வளர்ந்த ஒருவருக்கு, கணவரோ மனைவியோ மலைமேல் சறுக்கும் அந்த நாள் வீண்நாள் ஆகுமா? தாம் வாழ்நாளெல்லாம் பெயர் மட்டும் கேட்ட திவ்வியதேசம் அல்லவா காலடியில் இருக்கிறது! ஆயினும் 2023 சனவரியில் அவ்வூரில் நிலம் தாழ்ந்து வீடுகள் பிளந்தன. ஔலிக்குச் செல்லும் நீண்ட கம்பிவட ஊர்தியும் அப்போது நிறுத்தப்பட்டது. ஆதலின் புறப்படுமுன் பாதையின் நிலையையும் ஊர்தியின் நிலையையும் விசாரித்தறிவது கடமை.

இவ்வரலாற்றிலிருந்து பயணம் வகுப்போர்க்குச் சில நெறிகள் கிடைக்கின்றன. ஆசிரியன் ஆதலால் அவற்றை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

முதலாவது: காலை 10 மணி முதல் மாலை 4 மணிவரை சறுக்காதவர் என்ன செய்வார் என்பதை ஊரைத் தேர்ந்தெடுக்குமுன் எழுதிப்பாருங்கள். அந்த இடம் வெற்றிடமாக இருக்குமானால் வேறு ஊரைத் தேடுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்ற நாட்களில், வரிசையில் கடைசியாக நடக்கும் பிள்ளையைக் கொண்டே நான் பொழுதைக் கணக்கிடுவேன். வேகமாக நடப்பவனுக்கு அதனால் நட்டமில்லை. அவன் இன்னொருமுறை சுற்றிவருவான்.

இரண்டாவது: நண்பகலில் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் வரையறுங்கள். மலையில் கைப்பேசித் தொடர்பை மட்டும் நம்பியிருத்தல் தகாது. ஒருவேளை உணவையேனும் இருவரும் ஒருங்கே உண்ணும் நாள், பிரிந்த நாளாகத் தோன்றாது.

மூன்றாவது: உடல்நலம். 3,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிகிறது. இதய நோயும் மூச்சிரைப்பும் உடையவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மேற்கட்டத்துக்குச் செல்லலாகாது. முதல்நாள் இருவருமே ஓய்ந்திருந்து குளிருக்குப் பழகுதல் நன்று. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் காஷ்மீரத்தின் கடுங்குளிர்ப் பருவம். ‘சில்லை கலான்’ என்பார்கள். அங்குள்ளவர் பேரன் என்னும் நீண்ட அங்கிக்குள் காங்டி என்ற கணப்புச்சட்டியை வைத்துக்கொண்டு நடமாடும் காலம். சறுக்குபவருக்கு ஓட்டத்தாலேயே உடல் சூடேறும். நின்று பார்ப்பவருக்குத்தான் குளிர் மிகுதி. ஆகவே நல்ல கம்பளியும் நீர்புகாத காலணியும் முதலில் அவருக்கே வாங்க வேண்டும்.

நான்காவது: பனி பொய்க்கவும் கூடும். 2024 சனவரியில் குல்மார்க்கில் பனியின்றிப் புல்வெளி பழுப்பாகக் கிடந்ததை நாடே கண்டது. சறுக்க வந்தவர்கள் எல்லோரும் அன்று சறுக்காதவர்கள் ஆனார்கள்! பனியை மட்டும் நம்பி வந்தவருக்கு அந்நாட்களில் ஒன்றுமில்லை. கோயிலும் ஏரியும் கைவினையும் காணத் திட்டமிட்ட துணைவரோடு வந்தவருக்கோ நாள் நிறைவாகவே கழிந்திருக்கும். சறுக்காதவருக்காக வகுத்த திட்டம் சறுக்குபவரையும் காப்பாற்றும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஐந்தாவது: பரிமாற்றம். சறுக்குபவர் ஒருநாள் கட்டையைக் கழற்றிவைத்துவிட்டுத் துணைவரின் நாளில் முழுமனத்தோடு பங்குகொள்ள வேண்டும். துணைவர் விரும்பினால் ஒருமணி நேரம் தாழ்சரிவில் பயிற்றுநரிடம் பழகிப்பார்க்கலாம். விரும்பாவிட்டால் வற்புறுத்தல் கூடாது. கேலியோ ஒருபோதும் ஆகாது.

நேயர்களே, செயின்ட் மோரிட்ஸும் டாவோஸும் குல்மார்க்கும் நமக்குச் சொல்வது ஒன்றே. வெயில் காய வந்தவரும், நோய் தீர வந்தவரும், மலர் காண வந்தவரும் பனிமலையின் மூத்த விருந்தாளிகள். அவர்களுக்காகக் கட்டிய விடுதிகளில்தான் சறுக்குவீரர் பின்னர் வந்து தங்கினார். ஆதலின் அடுத்த குளிர்காலப் பயணத்துக்குத் தாளும் பேனாவும் எடுத்து அமரும்போது, சறுக்காதவரின் விருப்பத்தை முதல் வரியில் எழுதுங்கள். சரிவுக்கும் கட்டைக்கும் இரண்டாம் வரியில் இடமுண்டு.